பக்கத்துக் காணியில் ஆழமாகத் தோண்டினால் எங்கள் வீடு எவ்வளவு இறங்கும்?

கேள்வி: வவுனியா நகருக்குள் எங்கள் வீட்டை ஒட்டிய காணியில் நிலக்கீழ்த் தளத்தோடு கடை கட்டப் போகிறார்கள். 6 மீற்றர் தோண்டுவார்களாம். களிமண் என்கிறார்கள். வீட்டுக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா?

முடியும். ஆனால் "இத்தனை மில்லிமீற்றர்" என்று ஒற்றை எண்ணைச் சொல்லும் பொறியியலாளரை நம்பாதீர்கள். இதிலிருந்து இதுவரை என்று சொல்பவரிடம் பேசலாம்.

முதலில் அது என்ன களி? மன்னாரின் முருங்கன் பக்கம் உள்ள களி வன்னியின் எல்லா இடத்திலும் இருக்காது. வவுனியாப் பக்கம் பெரும்பாலும் செம்மண்ணும் அதன் கீழ் உக்கிய பாறையும்தான். குளத்தை அண்டிய பள்ளக் காணி என்றால்தான் மெத்தென்ற களி இருக்குமோ என்று யோசிப்பேன். ஆகவே மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கி, அதில் களியின் வெட்டு வலிமையை, அதாவது வழுக்கிச் சரியாமல் தாங்கும் அளவைப் பாருங்கள். 6 மீற்றர் மண்ணின் பாரம் ஏறத்தாழ 108 கிலோபாஸ்கல். அதை வெட்டு வலிமையால் வகுக்க வேண்டும். வலிமை 50 கிலோபாஸ்கல் என்றால் விடை 2 சொச்சம், பயமில்லை. 20 என்றால் 5ஐத் தாண்டும். 6ஐ நெருங்கினால் குழியின் அடிமண் மேலே பொங்க ஆரம்பிக்கும், சுற்றியுள்ள நிலம் அந்த இடத்தை நிரப்ப இறங்கும். எல்லாரும் பக்கச்சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஆபத்து அடியில் இருக்கும்.

இறக்கத்தின் அளவுக்கு வருவோம். 1969இல் பெக் என்ற மண் பொறியியலாளர் தந்த வரைபடத்தின்படி, மெதுகளியில் சீற் பைல் (நிலத்துள் அடித்து இறக்கும் இரும்புத் தகட்டுச் சுவர்) அடித்துத் தோண்டினால் குழியோரம் ஆழத்தின் 1 முதல் 2 வீதம் வரை இறங்கலாம். உங்கள் குழிக்கு 60 முதல் 120 மில்லிமீற்றர். இறுகிய களியில் கதை வேறு. 1990இல் க்ளஃப், ஓரூர்க் என்ற இரு ஆய்வாளர்கள் தொகுத்த அளவீடுகளில் சராசரி 0.15 வீதம்தான், அதாவது 9 மில்லிமீற்றர். ஆனால் பாதிப்பு ஆழத்தின் 3 மடங்கு தூரம், 18 மீற்றர் வரை எட்டலாம். வீடு முழுதும் ஒரே அளவில் இறங்கினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. 6 மீற்றர் சுவரின் ஒரு முனை மற்றதைவிட 20 மில்லிமீற்றர் கூட இறங்கினால், அது 300இல் 1. அங்கேதான் சுவர் வெடிக்கத் தொடங்கும்.

சரி, கணக்கு ஏன் பொய்க்கிறது? பெரும்பாலும் நேரத்தால். முருங்கன் பக்கம் கிணறு வெட்டுகிறவர்களைக் கேளுங்கள். புதிதாக வெட்டிய களி செதுக்கி வைத்த மாதிரி நேரே நிற்கும். அப்புறம் விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடும், அதற்குப் பிறகு பாளமாகச் சரியும். வெட்டியதும் பாரம் குறைவதால் களிக்குள் உள்ள நீர் உறிஞ்சு விசையாகி மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. மெல்ல மெல்ல நீர் ஊற, அந்தப் பிடி விட்டுப்போகிறது. கணக்கில் "இந்த ஆழத்தில் பக்கச்சுவருக்கு முட்டு, பிறகு அடுத்த வெட்டு" என்றிருக்கும். பேக்கோ வாடகை ஓடுகிறதே என்று இன்னும் ஒரு மீற்றர் இறங்கிவிடுவார்கள். மாரி மழையில் அந்த வெடிப்புக்குள் தண்ணீர் நிறைந்தால் அது தனியாக ஒரு தள்ளு.

சிங்கப்பூரில் நிக்கல் நெடுஞ்சாலைப் பக்கம் 2004 ஏப்ரலில் கடற்களியில் 30 மீற்றர் அளவு தோண்டிய சுரங்கக் குழி இடிந்து 4 பேர் இறந்தார்கள். கணிப்பு முறை களியின் வலிமையைக் கூட்டிக் காட்டியிருந்தது. இடிவதற்கு முன்பே சுவர் கணித்ததைவிடக் கூட அசைந்திருந்தும், எச்சரிக்கை எல்லையைத்தான் உயர்த்தினார்கள்.

வேலை தொடங்குமுன் வீட்டின் எல்லாச் சுவரையும் திகதியோடு படம் எடுத்து வையுங்கள். கோடையில் களி சுருங்கித் தானாக வந்த பழைய வெடிப்புக்கும் புதியதற்கும் பிறகு சண்டை வரும். வெடிப்பின் மேல் சிறு கண்ணாடித் துண்டைச் சீமெந்தால் ஒட்டிவிட்டால், அது உடைந்தால் வெடிப்பு இன்னும் நகர்கிறது என்று தெரியும். அத்திவாரத்தில் நாலு புள்ளி குறித்து வாராவாரம் லெவல் எடுக்கச் சொல்லுங்கள், உங்கள் கிணற்று நீர்மட்டத்தையும் சேர்த்து. அளவு கணிப்பைத் தாண்டினால் வேலையை நிறுத்துவது யார் பொறுப்பு என்பதை இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.