படபடப்பு, மூச்சடைப்பு, சாவு பயம்: வேலூர்ப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

பதட்டம், பானிக் அட்டாக் பற்றி வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். நான் மருத்துவ உளவியலாளர், மாத்திரை எழுதும் டாக்டர் இல்லை. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. இன்னொன்று: நெஞ்சில் வலியோ அடைப்போ முதல் முறையாக வந்தவர்கள் இங்கே எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் போய் ஈ.சி.ஜி. எடுங்கள்.

ஆம்பூர், ஷூ கம்பெனி ஊழியர், பெண், 27: கம்பெனி பஸ்ஸில் வரும்போது திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது. மூச்சு வாங்கியது, விரல்கள் மரத்துப்போய் மடங்கிக்கொண்டன. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறமும் வருகிறது. ஒன்றுமில்லை என்றால் இது என்ன மேடம்?

பதில்: ‘ஒன்றுமில்லை’ என்று அவர்கள் சொன்னது உங்கள் இதயத்தைப் பற்றி. அதோடு நிறுத்திக்கொண்டதுதான் குறை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பானிக் அட்டாக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆபத்து என்றால் ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகும். அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும், வியர்க்கும், வயிறு கலங்கும். பூனை உருட்டிய பாத்திரச் சத்தத்துக்குத் திருடன் வந்துவிட்டான் என்று வீடே எழுந்து ஓடுவது போல, பானிக்கில் இந்த ஏற்பாடு முழுவதும் ஆபத்தே இல்லாமல் கிளம்பிவிடுகிறது. வீடு எழுந்தது நிஜம், திருடன்தான் இல்லை.

விரல் மடங்கியதற்கு வருகிறேன். வேகவேகமாக மூச்சு விட்டால் ரத்தத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மேல் வெளியேறிவிடும். ரத்தத்தின் அமிலத்தன்மை குறையும். அதனால் நரம்புகளுக்குக் கிடைக்கும் கால்சியமும் தற்காலிகமாகக் குறையும். உதடும் விரல் நுனியும் மரத்துப்போவது, கை இழுத்துக்கொள்வது எல்லாம் அதனால்தான். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் கொஞ்சம் சுருங்குவதால் தலை கிறுகிறுக்கும், சுற்றியிருப்பதெல்லாம் கனவு மாதிரித் தெரியும். மூச்சு நிதானமானதும் இவை தானாகச் சரியாகிவிடும். உங்களுக்கு ஆக்சிஜன் குறையவில்லை. அதனால் ‘நல்லா இழு, இன்னும் இழு’ என்று பக்கத்து சீட்டிலிருந்து சொல்வதைக் கேட்காதீர்கள், அது இன்னும் மோசமாக்கும். மூக்கால் மெதுவாக உள்ளே இழுத்து, வாயைக் குவித்து அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். பானிக் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும், அப்புறம் இறங்கும். நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் இறங்கும். ஆனால் அந்த நேரத்தில் பதறிப்போய்ப் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டால், ‘இறங்கியதால் பிழைத்தேன்’ என்று மனசு கணக்கு எழுதிக்கொள்ளும். மறுநாள் பஸ்ஸைப் பார்த்தாலே படபடக்கும். ஆகவே பஸ்ஸிலேயே இருங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும். ‘மறுபடி வருமோ’ என்ற பயம் ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் அதைப் பானிக் டிஸார்டர் என்போம். சி.பி.டி. என்ற பேச்சுவழிச் சிகிச்சைக்கு அது நன்றாகவே கட்டுப்படும்.

அரக்கோணம், ஆண்: காகிதப் பைக்குள் மூச்சு விட்டால் நிற்குமாமே?

பதில்: வேண்டாம். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருப்பவர் பானிக் என்று நினைத்துக்கொண்டு பைக்குள் மூச்சு விட்டால் ஆபத்து.

வாலாஜாபேட்டை, ஆண், 54: பத்து வருடமாக சர்க்கரை. இப்போது கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது, தாடை வரை வலிக்கிறது, உட்கார்ந்தால் சரியாகிறது. இது பானிக்தானே?

பதில்: ஐயா, இதைப் படித்து முடித்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். நடந்தால் வந்து, உட்கார்ந்தால் போகும் வலி இதய வலியாக இருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே வந்தால் 108. சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி சரியாகத் தெரியாமலே மாரடைப்பு வருவதும் உண்டு. மற்றதை அப்புறம் பேசலாம்.

குடியாத்தம், வியாபாரி, ஆண்: மேடம், சும்மா பெரிய பெரிய பெயர் வைக்காதீர்கள். இதெல்லாம் கேஸ். எனக்கும் நெஞ்சு அடைக்கும், வியர்க்கும், சாகப்போகிறேன் என்று தோன்றும். சோடாவில் எலுமிச்சையும் உப்பும் போட்டுக் குடிப்பேன். இரண்டு ஏப்பம் விட்டால் பத்து, பதினைந்து நிமிடத்தில் போய்விடும். எங்கள் நைனா காலத்திலிருந்து இதுதான் வைத்தியம்.

பதில்: அண்ணா, பத்து, பதினைந்து நிமிடம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான் மேலே சொன்ன அதே நேரக் கணக்கு. சோடா குடித்தாலும் இறங்கும், குடிக்காவிட்டாலும் இறங்கும். பெயர் மட்டும் சோடாவுக்குப் போகிறது. ஈ.சி.ஜி. எடுத்தீர்களா?

அதே குடியாத்தம் அண்ணா: ஏப்பம் வந்ததும் லேசாகிறதே, அது பொய்யா?

பதில்: பொய்யில்லை. பதட்டத்தில் மூச்சோடு காற்றையும் விழுங்குகிறோம். வயிறு உப்பும், நெஞ்சைத் தள்ளும், ஏப்பம் வந்தால் இதமாக இருக்கும். சிலருக்கு உப்பிய வயிறே படபடப்பைக் கிளப்பும். நெஞ்செரிச்சலும் அடைப்பு மாதிரி இருக்கலாம். ஆனால் உங்களுக்கு வந்தது வெறும் கேஸ் என்றால் சாவு பயம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் பயம் முன்னால் வருகிறது, காற்று அதன் பின்னால் வருகிறது.

திருப்பத்தூர், பெண்: சோடா உடம்புக்குக் கெடுதல். ஓம வாட்டர் குடிக்கச் சொல்லுங்கள் மேடம். என் மாமியாருக்கு உடனே கேட்கும்.

ஆற்காடு, பெண்: எனக்கு தர்காவில் ஓதிக் கட்டிய கயிறுதான். வரும்போது அதைப் பிடித்துக்கொள்வேன், நின்றுவிடும்.

ஆரணி, ஆண்: பதட்டத்துக்கான அல்ப்ராசோலம் பாதி மாத்திரை சட்டைப் பையிலேயே இருக்கும். போட்ட ஐந்தாவது நிமிடம் சரி.

பதில், மூவருக்கும்: பாருங்கள், சோடா, ஓமம், கயிறு, மாத்திரை என்று நான்கு வைத்தியம், நான்கும் ஒரே மாதிரி பலிக்கிறது. ஆரணித் தம்பி, விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் கலந்து வேலை செய்யவே ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் சரியானது மாத்திரையால் இல்லை, ‘போட்டுவிட்டேன்’ என்ற நிம்மதியால். கயிற்றையோ நம்பிக்கையையோ நான் குறை சொல்லவில்லை, கட்டிக்கொள்ளுங்கள். என் சண்டை ஒன்றோடுதான்: ‘இது கையில் இல்லாவிட்டால் செத்துவிடுவேன்’ என்ற எண்ணத்தோடு. சோடா கிடைக்காத ஊருக்குப் போகமாட்டேன், மாத்திரை எடுக்க மறந்தால் பாதி வழியில் திரும்பிவிடுவேன் என்று உலகம் சுருங்கிக்கொண்டே வரும். பயத்தைத் தீர்க்கிற பொருளே பயத்துக்குச் சோறு போட்டு வளர்க்கிறது.

குடியாத்தம் அண்ணா: அப்படியென்றால் நான் மனநோயாளியா?

பதில்: நான் அப்படிச் சொல்லவில்லை. ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு, அடுத்த முறை வரும்போது சோடாவைத் தொடாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கல்லாவிலேயே உட்காருங்கள். எத்தனை மணிக்கு உச்சம், எத்தனை மணிக்கு இறங்கியது என்று எழுதி அனுப்புங்கள்.

சோளிங்கர், பெண்: குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எங்கள் பெரியப்பா நெஞ்சு அடைக்கிறது, கேஸ்தான் என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தார். எழுந்திருக்கவே இல்லை. வைத்தியத்தைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளட்டும்.

பதில்: இதற்குத்தான் ஈ.சி.ஜி., ஈ.சி.ஜி. என்று தொண்டை வற்றக் கத்துகிறேன். ‘கேஸ்’ என்று தள்ளிவிடுவதும் தவறு, பார்க்காமலே ‘பானிக்’ என்று தள்ளிவிடுவதும் அதே தவறு. சோடா விவகாரம் இதோடு போதும். இன்னும் ஏழு பேர் சுக்கு, பெருங்காயம், சீரகத் தண்ணீர் என்று அனுப்பியிருக்கிறார்கள். எல்லோருக்கும் பதில் மேலேயே இருக்கிறது.

காட்பாடி, கல்லூரி மாணவர்: நடுராத்திரி தூக்கத்திலிருந்து படபடவென்று எழுந்துவிடுகிறேன். கனவு எதுவும் இல்லை. பரீட்சை நேரம், டீ கொஞ்சம் அதிகம்.

பதில்: தூக்கத்திலும் பானிக் வரும், அதிசயமில்லை. டீ ‘கொஞ்சம்’ என்றால் எத்தனை? எனர்ஜி டிரிங்க்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கஃபீன் செய்வதும் பானிக் செய்வதும் உடம்பில் ஏறக்குறைய ஒன்றுதான். மதியத்துக்கு மேல் நிறுத்திப் பாருங்கள், ஒரேயடியாக விடாமல் குறைத்துக்கொண்டே வாருங்கள், இல்லாவிட்டால் தலைவலிக்கும். தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகம் சுரந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் படபடக்கும்.

வேலூர், ஆண்: அட்டாக் வரும்போது மயங்கி விழுந்துவிடுவேனா?

பதில்: மயக்கம் வர ரத்த அழுத்தம் சட்டென்று இறங்க வேண்டும். பானிக்கில் அது ஏறுகிறது. அதனால் தலை சுற்றுமே தவிர மயங்கி விழுவது அரிது. ரத்தத்தையோ ஊசியையோ பார்த்தால் விழுகிறவர்கள் வேறு ரகம்.

ராணிப்பேட்டை, பெண்: ஒரு வருடமாகத் தினமும் அல்ப்ராசோலம். மருந்துக் கடையில் சீட்டு கேட்காமலே தருகிறார்கள். நாளையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று முடிவெடுத்துவிட்டேன்.

பதில்: அம்மா, நாளைக்கு நிறுத்தாதீர்கள். இத்தனை நாள் சாப்பிட்டதை ஒரேயடியாக நிறுத்தினால் தூக்கம் போகும், பதட்டம் இரட்டிப்பாகும், வலிப்புகூட வரலாம். மனநல மருத்துவர் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பார். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது, விற்றதைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். பானிக்குக்கு டாக்டர்கள் நீண்ட நாளைக்குத் தருவது செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற வேறு வகை. அவை பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும், முதல் வாரம் படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யலாம். பலர் அந்த வாரத்தில்தான் ‘ஒத்துக்கவில்லை’ என்று தூக்கிப் போடுகிறார்கள். டாக்டரைக் கேட்காமல் அதையும் நிறுத்தாதீர்கள்.

வேலூர் சத்துவாச்சாரி, தாய்: என் மகளுக்கு 24 வயது. ஸ்ரீபுரம் கோயில் கூட்டத்தில் ஒருமுறை வந்தது. அதிலிருந்து தனியாகத் தெருமுனைக் கடைக்குக்கூடப் போவதில்லை. நானோ அவள் தம்பியோ கூடவே போகிறோம். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.

பதில்: கல்யாணம் ஆனால், கூடப் போகிற ஆள் மாறுவார். அவ்வளவுதான் நடக்கும்.

தப்பிக்க முடியாத இடம், உதவி கிடைக்காத இடம் என்று ஒவ்வொன்றாகத் தவிர்க்கும் இந்தப் பயத்துக்கு அகோராபோபியா என்று பெயர். உங்கள் பாசம்தான் இப்போது அவளுக்கு சோடா பாட்டில். கோபப்படாதீர்கள். அவளையும் உட்கார வைத்து ஒரு பட்டியல் போடுங்கள், லேசானதிலிருந்து கடினமானது வரை. முதலில் தெருமுனைக் கடை, நீங்கள் வாசலில் நில்லுங்கள். அடுத்து அதே கடை, நீங்கள் வீட்டுக்குள்ளே. அப்புறம் டவுன் பஸ்ஸில் இரண்டு ஸ்டாப், அப்புறம் பழைய பஸ் ஸ்டாண்ட் வரை. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில், கூட்டமில்லாத காலை வேளை. கடைசியில் ஸ்ரீபுரம், முதலில் சாதாரண நாள், பிறகு விடுமுறை நாள். ஒவ்வொரு படியிலும் பயம் ஏறும். அது தானாக இறங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது வீட்டுக்குத் திரும்பினால் அந்தப் படியைத் திரும்பவும் ஏற வேண்டியிருக்கும். அதே படியைச் சலித்துப்போகும்வரை செய்தபிறகு அடுத்ததற்குப் போகலாம். ‘பயமா இருக்கா, பயமா இருக்கா’ என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் செய்யாதீர்கள். தம்பியிடமும் சொல்லிவையுங்கள். ஓர் உளவியலாளர் துணையோடு தொடங்கினால் இன்னும் நல்லது.

ஏலகிரி, ஆண்: உடற்பயிற்சி செய்தால் நெஞ்சு வேகமாக அடிக்கிறது, உடனே பயம் வருகிறது. விட்டுவிடவா?

பதில்: விடாதீர்கள். வேகமாக அடிக்கும் நெஞ்சுக்கும் ஆபத்துக்கும் சம்பந்தமில்லை என்று உடம்புக்குப் பழக்குவதே ஒரு சிகிச்சை. நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓடச் சொல்வோம், சுழல் நாற்காலியில் சுற்றச் சொல்வோம், மெல்லிய உறிஞ்சு குழல் வழியாக மூச்சு விடச் சொல்வோம். வேண்டுமென்றே அந்த உணர்வைக் கிளப்பி, அது போவதைப் பார்ப்பது. இதயக் கோளாறு, ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. ஒரு விஷயம்: சித்திரை, வைகாசியில் நம் ஊர் மதிய வெயிலில் இதைச் செய்யாதீர்கள். அந்த வெயிலில் உடம்பில் தண்ணீர் வற்றினாலே எல்லோருக்கும் படபடக்கும், கிறுகிறுக்கும். பானிக் உள்ளவர்கள் அதையும் அட்டாக் என்று எண்ணிப் பயந்துவிடுகிறார்கள்.

வாணியம்பாடி, பெண்: அட்டாக் வந்தால் மயங்கி விழுவேனா மேடம்?

பதில்: வேலூர்க்காரர் கேட்டதற்குச் சொல்லியிருக்கிறேன்.

பள்ளிகொண்டா, ஆண்: பைத்தியம் பிடித்துவிடுமா? எங்கே போய்க் காட்டுவது? செலவு செய்ய வசதி இல்லை.

பதில்: பிடிக்காது. ‘கட்டுப்பாடு போய்விடுமோ’ என்ற எண்ணமே பானிக்கின் ஓர் அறிகுறி. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காலையில் வெளிநோயாளிச் சீட்டு வாங்குங்கள். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1950களிலிருந்தே இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் முறைக்குப் பெயர் போன இடம். கிளம்பத் தயக்கமாக இருந்தால் 14416க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை, 2022இல் தொடங்கியது, இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறவர்கள் காலை வரை காத்திருக்காமல் இப்போதே அந்த எண்ணில் பேசுங்கள். போகும்போது பழைய ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனைத் தாள்கள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். கடையில் வாங்கியதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பேர்ணாம்பட்டு, ஆண்: மேடம், மயக்கம்...

பதில்: மேலே, தம்பி. மேலே.