மீட்டர் பெனலில் நீலத்துக்குப் பதில் சிவப்பு

கேள்வி: வேனின் மீட்டர் பெனலில் நீல வெளிச்சம். றம்பொடைப் பக்கம் இரவில் ஓடும்போது கண் கூசி, பாதை மங்கலாகத் தெரிகிறது. உள்ளே உள்ள குட்டி எல்.இ.டி.களைச் சிவப்பாக மாற்றலாமா? ஈயம் வைத்துப் பழக்கம் உண்டு.
– வேன் சாரதி, தலவாக்கலை

பதில்: மாற்றலாம். இருட்டில் பார்க்க உதவும் கோல் கலங்கள் 500 நானோமீற்றர் அளவிலான நீலப்பச்சை ஒளியில்தான் அதிகம் தூண்டப்படும். சிவப்பு அவற்றை அவ்வளவாகத் தொடாது. ஆனால் இது கண்ணின் இருட்டுப் பழக்கத்தைத்தான் காக்கும். பனிமூட்டத்தில் லோ பீமும் மெதுவான ஓட்டமும் வேண்டியவையே.

ஈயத்தைத் தொடுமுன் ஒரு சிவப்பு எல்.இ.டி.யை எரித்து, எண்கள் அச்சிட்ட தட்டின் பின்னால் பிடித்துப் பாருங்கள். தட்டே நீலச் சாயம் பூசியதென்றால் சிவப்பு ஊடுருவாது. வேலையை அங்கேயே விட்டுவிடலாம். எச்சரிக்கை விளக்குகளின் நிறத்தை மட்டும் மாற்றவே வேண்டாம். ஹை பீமுக்கு நீலம், பிரேக்குக்கு சிவப்பு என்று அடுத்த சாரதியும் நம்பித்தான் ஓட்டுவார்.

பலரும் தவறவிடுவது, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரை. நீலத்துக்குச் சுமார் 3.2 வோல்ட் வேண்டும், சிவப்புக்கு 2 போதும். உங்கள் பெனலில் மூன்று நீலமும் 330 ஓமும் தொடராக இருப்பதாக வைத்துக்கொள்வோம். என்ஜின் ஓடும்போது 14.2 வோல்ட். அதில் எல்.இ.டி.களுக்கு 9.6 போக மிச்சம் 4.6, மின்னோட்டம் 14 மில்லிஅம்பியர். அதே இடத்தில் மூன்று சிவப்பு வைத்தால் மிச்சம் 8.2 வோல்ட், ஓட்டம் 25 மில்லிஅம்பியர். சாதாரண சிறு எல்.இ.டி.யின் எல்லை 20தான். எரியும், பிறகு சூடேறி மங்கும். 820 ஓம் போட்டால் 10 மில்லிஅம்பியர். இரவுக்கு அதுவே தாராளம். அந்த ரெசிஸ்டரில் 0.08 வாட் வெப்பம் வரும், ஆகவே 0805 அளவு வாங்குங்கள். ரெசிஸ்டரின் மேல் 331 என்று இருப்பது 330 ஓம். 821 என்பது 820.

எல்.இ.டி.யின் அளவையும் அளந்துகொள்ளுங்கள். 3.5 x 2.8 மில்லிமீற்றர் என்றால் 3528, 1.6 x 0.8 என்றால் 0603.

பற்றரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். மீட்டர் முள்ளைக் கழற்றத்தான் வேண்டுமென்றால், அது ஓய்ந்து நிற்கும் இடத்தைப் படமெடுத்து வையுங்கள்; இல்லாவிட்டால் பிறகு வேகம் பிழையாகக் காட்டும். பலகையில் உள்ள ஈயமில்லாச் சோல்டர் 217 பாகைக்கு மேல்தான் உருகும். இரு முனையிலும் ஃபிளக்ஸும் (ஈயம் ஒட்ட உதவும் பசை) கொஞ்சம் 60/40 ஈயமும் (ஈயம் கலந்த சாதாரண சோல்டர்) சேர்த்தால் சீக்கிரம் இளகும். அயர்ன் 330 முதல் 350 பாகை. ஒரு முனையில் மூன்று விநாடிக்கு மேல் வேண்டாம். இரண்டு அயர்ன் இருந்தால் இரு பக்கமும் ஒரே நேரத்தில் சூடாக்கித் தூக்கலாம். உருகுமுன் நெம்பினால் செப்புத் திட்டு பலகையிலிருந்து பெயர்ந்து வரும். குளிரான அறையில் அகன்ற செப்பு வெப்பத்தை இழுத்துக்கொள்வதால், முடி உலர்த்தியால் பலகையை முதலில் இளஞ்சூடாக்குங்கள்.

புதியதை வைக்குமுன் திசையைச் சோதியுங்கள். மூலை வெட்டு பெரும்பாலும் கதோட்டை (நெகட்டிவ் முனையை) காட்டும், எல்லாத் தயாரிப்பிலும் அப்படி என்று நம்ப முடியாது. மல்டிமீற்றரை டயோட் நிலையில் வைத்துத் தொடுங்கள். சிவப்பு மங்கலாக எரியும்போது மீற்றரின் சிவப்பு வயர் தொடும் முனை அனோட்டு (பொசிட்டிவ்). தொடரில் ஒன்று திரும்பியிருந்தாலும் மூன்றும் எரியாது.

கேள்வி: இரண்டு 1.5 வோல்ட் பற்றரியில் ஓடும் ரேடியோவில் சிவப்பு விளக்குக்குப் பதில் நீலம் வைத்தேன். இரண்டு நாளில் அணைந்துவிட்டது. ரேடியோ பாடுகிறது.
– வாசகர், பண்டாரவளை

பதில்: எல்.இ.டி. பழுதாகவில்லை. பற்றரி புதிதாக இருக்கையில் 3 வோல்ட், நீலத்துக்கு அதுவே எட்டியும் எட்டாததுமான அளவு. 2.6க்கு இறங்கியதும் அணைந்துவிடும். ரெசிஸ்டரைக் குறைத்தும் பயனில்லை. மரகதப் பச்சையும் வெள்ளையும் இதே ரகம்தான். மஞ்சளோ, மஞ்சள் கலந்த பழைய வகைப் பச்சையோ 2 வோல்ட் அளவில் எரியும்; அவற்றில் ஒன்றை வையுங்கள்.