பீரோவில் வைக்கும் பேக்கப்புக்கு சிசிடிவி ஹார்டு டிஸ்க் நல்லதா, நாஸ் டிஸ்க் நல்லதா?

புனலூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். குடும்ப வீடியோ, போட்டோ எல்லாம் சேர்ந்து 4 டிபி. எழுதி எடுத்து வைத்தால் பல வருஷம் இருக்க வேண்டும். கடைக்காரர் சிசிடிவி டிஸ்க் என்கிறார், நண்பர் நாஸ் டிஸ்க் (நெட்வொர்க்கில் பலர் பகிரும் சேமிப்புப் பெட்டிக்கான டிஸ்க்) என்கிறார்.

என்னைக் கேட்டால் இரண்டுமே வேண்டாம். அந்தப் பணத்தில் சாதாரண டிஸ்க் இரண்டு வாங்குங்கள், இரண்டும் வேறு வேறு கம்பெனியாக.

பர்ப்பிள், ஸ்கைஹாக் போன்ற சிசிடிவி டிஸ்குகள் கேமராப் படத்தை 24 மணி நேரமும் எழுதிக்கொண்டே இருப்பதற்காகச் செய்தவை. பீரோவில் தூங்கும் டிஸ்குக்கு அந்தத் திறமையால் பயனில்லை. ரெட், அயர்ன்வுல்ஃப் போன்ற நாஸ் டிஸ்குகள் பல டிஸ்க் சேர்ந்து ஒரே டிஸ்க் போல வேலை செய்யும் ரெய்டு அமைப்பில் ஓடுவதற்கு. ஓர் இடம் படிக்க வரவில்லை என்றால் சில விநாடிகளில் விட்டுவிடும். மற்ற டிஸ்குகளை வைத்து ரெய்டு அதை ஈடுகட்டிக்கொள்ளும். தனியாக இருக்கும் டிஸ்குக்கு அந்தத் துணை ஏது? சாதாரண டிஸ்க் அதே இடத்தை விடாமல் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். பேக்கப்புக்கு வேண்டியது அந்தப் பிடிவாதம்தான். நாஸ் டிஸ்க் ஏற்கெனவே கையில் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள், கூடுதல் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

பெயரைவிட எஸ்எம்ஆரா சிஎம்ஆரா என்று பாருங்கள். இரண்டும் டிஸ்கில் எழுதும் முறைகள். சிஎம்ஆரில் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் அவற்றை ஓடு வேய்வது போல ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எழுதுவார்கள், அதில் அழித்து அழித்து எழுதினால் மிகவும் மெதுவாகிவிடும். 2020இல் ரெட் டிஸ்குகளிலேயே சில எஸ்எம்ஆர் என்று வெளியே தெரிந்து பெரிய சர்ச்சை ஆனது. ஒருமுறை எழுதி எடுத்து வைப்பதற்கு எஸ்எம்ஆர் போதும்.

எஸ்எஸ்டி இதற்கு வேண்டாம். கரண்ட் இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் அதில் தகவலைத் தாங்கும் சார்ஜ் கசியும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம்.

கையடக்க 2.5 இஞ்ச் டிஸ்குகள் பலவற்றில் யுஎஸ்பி முனை போர்டிலேயே இருக்கும். அது உடைந்தால் பெரிய செலவு. நான் 3.5 இஞ்ச் டிஸ்கைத் தனி யுஎஸ்பி கேஸில் (டிஸ்கைச் செருகும் பெட்டி) போட்டு வைக்கிறேன். கேஸ் போனால் வேறு கேஸ்.

மலைக்கு இந்தப் பக்கம் செங்கோட்டையிலேயே, ஜூனில் ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் இறங்கினால் பீரோத் துணியெல்லாம் ஈரம் பிடிக்கும். உங்கள் பக்கம் மழை இன்னும் அதிகம். சாதாரண டிஸ்கில் காற்றுப் போக ஒரு சிறு துளை உண்டு, அதனால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். காப்பி முடிந்ததும் வயரைக் கழற்றிவிடுங்கள். ஐப்பசி இடியில் கணினியும் பேக்கப்பும் சேர்ந்து போகக் கூடாது.

என்னிடம் இருப்பதிலேயே நான் உயிராக நினைப்பது புனலூர்–செங்கோட்டை ரயில் பாதையில் உள்ள பதிமூன்று கண் பாலத்தில் மீட்டர் கேஜ் ரயில் போகும் வீடியோ. 2010இல் அந்தப் பாதையை மூடினார்கள், 2018இல் திறந்தபோது வந்தது பிராட் கேஜ். இனி யாராலும் அதை எடுக்க முடியாது. அதனால் ஒரு டிஸ்க் என் வீட்டில், இன்னொன்று தென்காசியில் அக்கா வீட்டில்.

அப்புறம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். டிஸ்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் இலவசம்தான். அதில் 'கரண்ட் பெண்டிங் செக்டார்' (சரியாகப் படிக்க வராத இடங்கள்) எண் பூஜ்யத்திலிருந்து ஏறியிருந்தால் காத்திருக்காதீர்கள். புது டிஸ்க் வாங்கி, நல்லதாக இருக்கும் மற்ற டிஸ்கிலிருந்து உடனே காப்பி எடுங்கள்.