செய்து பார்த்துக் கற்கும் சின்ன இன்டர்நேஷனல் பிரைமரி பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாமா?

ஐந்து வயதுப் பையனை, மொத்தமே அறுபது பிள்ளைகள் படிக்கிற ஒரு இன்டர்நேஷனல் பிரைமரி பள்ளியில் சேர்க்கலாமா, எல்லாமே செய்முறையாகத்தான் கற்றுத் தருவோம் என்கிறார்களே, அஞ்சாவது முடித்து வேறு பள்ளிக்கு மாற்றினால் திணறுவானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேர்க்கலாம். ஆனால் அவர்கள் சொல்கிற செய்முறை எந்த மாதிரி செய்முறை என்று வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சேருங்கள். எங்கள் மகள் சென்னையில் இப்படிப்பட்ட ஒரு சின்னப் பள்ளியில்தான் படிக்கிறாள், பொருட்களைக் கையாண்டு பிள்ளை தானே கற்கும் மாண்டிசோரி முறை, ஆறு வயதிலிருந்து ஒன்பது வயது வரை ஒரே அறை. கார் ஆலை வேலைக்காக வந்த கொரியக் குடும்பங்களின் பிள்ளைகள் உண்டு, எங்களைப் போன்ற உள்ளூர்க்காரர்களும் உண்டு. சேர்க்கும்போது வீட்டுப் பெரியவர்கள் கேட்டதும் நீங்கள் கேட்பதேதான்: விளையாடிக்கொண்டே இருந்தால் படிப்பு எப்போது?

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 3204-இலிருந்து 1657-ஐக் கழிக்க வேண்டும். நாம் படித்தபோது "பக்கத்தில் கடன் வாங்கு" என்பார்கள், பக்கத்தில் பூஜ்யம் இருந்தால் அதற்கும் பக்கத்தில் போய் வாங்கு என்பார்கள், பூஜ்யம் எப்படி ஒன்பது ஆனது என்று பாதிப் பேருக்குக் கடைசிவரை புரியாது. இங்கே தங்க நிற மணிகள். ஒற்றை மணி ஒன்று, பத்து மணி கோத்த கம்பி பத்து, பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு, பத்துச் சதுரத்தை அடுக்கிய கனசதுரம் ஆயிரம். ஆயிரத்தைக் கையில் தூக்கினால் கனக்கும். என் மகளிடம் மூன்று ஆயிரம், இரண்டு நூறு, நான்கு ஒற்றை மணி இருந்தன. ஏழு எடுக்க வேண்டும், இருப்பது நாலு, பத்துக் கம்பி ஒன்றுகூட இல்லை. ஒரு நூறு சதுரத்தை எடுத்துக்கொண்டு அறையின் மூலையில் வங்கி என்று வைத்திருக்கும் தட்டுக்கு நடந்து போனாள், பத்துக் கம்பிகளாக மாற்றி வந்தாள், அதில் ஒரு கம்பியைத் திரும்ப எடுத்துப்போய் பத்து ஒற்றை மணியாக மாற்றினாள். பாயில் ஒன்பது கம்பி கிடந்தது. அவ்வளவுதான், பூஜ்யம் ஒன்பதானது அங்கே கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. நூறுகள் போதாமல் ஆயிரத்தையும் ஒருமுறை மாற்றி, கடைசியில் எண்ணிப் பார்த்து 1547 என்று எழுதினாள். ஆசிரியை ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் உங்களைப் பார்க்கச் சொல்வது இதற்கு அப்புறம் நடப்பதைத்தான். மணியோடு நின்றுவிட்டால் அது வெறும் விளையாட்டுச் சாமான். நல்ல பள்ளியில் கொஞ்ச நாளில் மணிகள் போய், 1, 10, 100, 1000 என்று அச்சிட்ட சின்னச் சின்னச் சதுரக் கட்டைகள் வரும், எல்லாம் ஒரே அளவு, ஆயிரத்துக்குக் கனம் கிடையாது, நிறமும் எண்ணும் மட்டும்தான். பிறகு கம்பிகளில் மணி கோத்த மணிச்சட்டம். அதற்கும் பிறகு வெறும் நோட்டும் பென்சிலும். இப்படிப் படிப்படியாகப் பொருளைக் கழற்றிவிட்டு எண்ணுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார்களா என்பதுதான் கேள்வி. அப்படி வந்து சேர்ந்த பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போனாலும் கணக்கில் திணறாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நாங்கள் பார்க்கப்போன இன்னொரு பள்ளியில் சுவர் முழுக்கத் தெர்மாகோல் எரிமலை, சூரிய மண்டலம், எல்லாம் அப்பா அம்மா ராத்திரி உட்கார்ந்து ஒட்டியது என்று பார்த்தாலே தெரிந்தது. அதையும் செய்முறைக் கல்வி என்றுதான் சொன்னார்கள். பிள்ளையின் கை அதில் எங்கே இருக்கிறது?

மாண்டிசோரி என்றால் எல்கேஜி, யுகேஜியோடு சரி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இந்த முறையை உருவாக்கிய இத்தாலியர் மரியா மாண்டிசோரி 1939-இல் பிரம்மஞான சபை (தியசாபிகல் சொசைட்டி) அழைத்து சென்னை அடையாறுக்கு வந்தவர். இத்தாலி இரண்டாம் உலகப் போரில் இறங்கியதால் இங்கிருந்த ஆங்கிலேய அரசுக்கு எதிரி நாட்டவர் ஆனார், அவரை அடையாறிலேயே கட்டுப்படுத்தி வைத்து, மகன் மாரியோவை அகமதுநகர் முகாமுக்கு அனுப்பினார்கள், 1940 ஆகஸ்டில் அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளை ஒட்டித்தான் மகனை விட்டார்கள். அப்புறம் 1942 முதல் இரண்டு வருடம் கொடைக்கானலில் இருந்தார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கான பாடமுறை வளர்ந்து உருவானது அங்கேதான், பல நாட்டுப் பிள்ளைகள் கலந்து படித்த ஒரு சின்னப் பள்ளியில், காட்டுச் செடிகளையும் பூச்சிகளையும் வைத்து. நீங்கள் கேட்கிற பள்ளி மாதிரியே ஒன்று எண்பது வருடம் முன்பு நம் மலையில் இருந்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் பெரிய சந்தோஷம்.

ஆனால் மாண்டிசோரி என்ற பெயர் யாருக்கும் தனிச் சொத்து இல்லை, யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். அதனால் ஆசிரியர் எங்கே பயிற்சி எடுத்தார் என்று தயங்காமல் கேளுங்கள். இன்டர்நேஷனல் என்ற பெயரும் அப்படியே, அந்தப் பெயரில் சிபிஎஸ்இ பள்ளிகள் எத்தனையோ இருக்கின்றன. ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலாரியேட்) என்ற பன்னாட்டுப் பாடத்திட்டம் என்று சொன்னால் ஐபி அமைப்பின் இணையதளத்தில் பள்ளியின் பெயரைத் தேடுங்கள், விண்ணப்பித்துக் காத்திருக்கும் நிலையில் இருப்பதும் அனுமதி பெற்றிருப்பதும் வேறு வேறு.

அறுபது பேர்தான் என்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், கலந்த வயது வகுப்பில் எட்டு வயதுப் பிள்ளை ஆறு வயதுக்குச் சொல்லிக் கொடுப்பதே பாதிப் படிப்பு. ஒரே ஒரு கஷ்டம், நட்பு முறிந்தால் போய்ச் சேர இன்னொரு கூட்டம் இருக்காது. விளையாட்டு மைதானமும் பெரும்பாலும் இருக்காது, மாலையில் நீங்கள்தான் கூட்டிப்போக வேண்டும். ஃபீஸ் கட்டும் முன் ஐந்து வருடத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பள்ளி மாறும்போது பிள்ளைகள் உண்மையில் இடறுவது தமிழில். கணக்குக்கு மணி, இங்கிலீஷுக்கு உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்து, பிள்ளை விரலால் தடவித் தடவிப் பழகும், தமிழுக்கு வந்தால் மட்டும் கரும்பலகையும் காப்பி நோட்டும் என்று வைத்திருக்கிற பள்ளிகள் உண்டு. எங்கள் மகளின் தமிழ் ஆசிரியை உயிரெழுத்து, மெய்யெழுத்துகளை உப்புத்தாளில் தானே வெட்டி வைத்திருக்கிறார், கொம்பும் காலும் தனித்தனி அட்டை, க பக்கத்தில் காலை வைத்தால் கா என்று பிள்ளைகளே சேர்த்துக்கொள்கிறார்கள். உங்கள் பள்ளியில் தமிழ் அலமாரியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், வாரத்தில் எத்தனை பீரியட் என்றும் கேளுங்கள். குறைவாக இருந்தால் அஞ்சாவது வரை காத்திருக்காமல் இப்போதே வீட்டில் தினமும் கொஞ்சம் வாசிக்க வையுங்கள்.