காலியாக விடப்பட்ட கட்டம்

அன்புள்ள ஐயா,

மாரடைப்பு அபாயத்தைக் கணிக்கும் கணித மாதிரி (model) ஒன்றை வேறொரு மருத்துவமனையின் பதிவுகளில் சரிபார்த்து வருகிறேன். பாதிப் பேருக்குக் கொலஸ்ட்ரால் அளவு பதிவாகவில்லை. அவர்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் மாதிரி நன்றாகவே கணிக்கிறது. இது போதுமா? எந்த மென்பொருள் ஏற்றது?

– ஓர் ஆய்வு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

சில வாரங்களாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். மென்பொருள் எதுவானாலும் சரி. ஆனால் "நீக்கிவிட்டு" என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்! பாதி நோயாளிகளை அல்லவா நீக்கியிருக்கிறீர்கள்?

மாணவனாக இருந்தபோது இங்கிலாந்தில் ஒரு மருத்துவரின் அறையில் அமர்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். இருமலுடன் வந்த இளைஞருக்கு அவர் ரத்தப் பரிசோதனை எழுதவில்லை. அண்ணனை மாரடைப்பில் இழந்து, தானும் நெஞ்சு பாரத்துடன் வந்த ஐம்பது வயதுக்காரருக்கு உடனே எழுதினார். மாலையில் பதிவைப் பார்த்தபோது இளைஞரின் கொலஸ்ட்ரால் கட்டம் காலியாக இருந்தது. அந்தக் காலியிடமும் மருத்துவரின் ஒரு தீர்ப்புதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிரம்பிய கட்டங்களை மட்டும் வைத்துக்கொண்ட நீங்கள், பெரும்பாலும் மருத்துவர் ஏற்கெனவே சந்தேகப்பட்டவர்களிடம்தான் மாதிரியைச் சோதித்திருக்கிறீர்கள்.

எப்படியாவது நிரப்பினால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. 2007இல் பிரிட்டனில் வெளியான, இதயநோய் அபாயத்தைக் கணிக்கும் கியூரிஸ்க் (QRISK) மாதிரியில் சுமார் 70 விழுக்காட்டினரின் நல்ல கொலஸ்ட்ரால் அளவு பதிவில் இல்லாததால் அதை மதிப்பிட்டு நிரப்பினார்கள். கொலஸ்ட்ராலுக்கும் இதயநோய்க்கும் தொடர்பே இல்லாததுபோல் முடிவு வந்தது. நிரப்பும் முறையைத் திருத்திய பிறகே தொடர்பு தெரிந்தது.

மாதிரியை உருவாக்கும்போது, நோய் வந்ததா இல்லையா என்பதையும் சேர்த்துக்கொண்டே விடுபட்ட அளவை நிரப்ப வேண்டும். இல்லையேல் தொடர்பு மங்கிவிடும். சரிபார்க்கும்போது நிலைமை வேறு. நாளை மருத்துவர் முன் அமரப்போகிறவருக்குப் பத்தாண்டு கழித்து என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. கட்டம் காலியாக இருக்கும்போதே மாதிரியைப் பயன்படுத்தப்போகிறார்கள் என்றால், பின்னால் தெரியவந்த முடிவைக் கொண்டு இன்று அதை நிரப்பிச் சோதிப்பது மாதிரியின் திறனை மிகைப்படுத்திக் காட்டக்கூடும். எல்லோருக்கும் பரிசோதனை செய்த பிறகே பயன்படுத்துவார்கள் என்றால் அப்படி நிரப்புவதில் தவறில்லை. அங்கே நடக்கப்போவது இவற்றில் எது என்று உங்கள் மருத்துவர்களிடம் கேட்டீர்களா? கேட்காமல் எதைச் சரிபார்க்கிறீர்கள்?

கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்கத் தோன்றியதே உங்கள் நேர்மை. நீக்கியவர்களைத் திரும்பச் சேருங்கள். அவர்களில் எத்தனை பேருக்கு மாரடைப்பு வந்தது என்பதை எண்ணி எனக்கு எழுதுங்கள்.