விமர்சன அறையில் உங்களுக்கு ஒரு நாற்காலி வேண்டும்

கேள்வி: அண்ணா, எனக்கு வயது 21. இந்தக் கோடையில் ஒரு புகைப்படப் பயிற்சி மையத்தில் உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது. மொத்தம் பத்து வாரம். வாரத்துக்கு ஒரு ஆசிரியர், ஒரு புதுக் குழு. தங்கும் இடமும் சாப்பாடும் தருகிறார்கள், கைக்கு வருவது ரொம்பக் கொஞ்சம். "லைட் தூக்கவா போகிறாய்? அந்த நேரத்தில் நாலு கல்யாணம் எடுத்தால் நல்ல லென்ஸ் வாங்கலாமே" என்கிறார்கள் நண்பர்கள். எனக்கோ பெரிய புகைப்படக்காரர்களோடு பழகக் கிடைக்குமே என்று ஆசை, சொந்தமாகப் படம் எடுக்க நேரமே கிடைக்காதோ என்று பயமும் இருக்கிறது. போகலாமா? போனால் எப்படி நடந்துகொள்வது? என்ன லென்ஸ் எடுத்துப்போவது?

பதில்: போங்கள் தம்பி. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் காரணத்துக்காகப் போகாதீர்கள்.

பெரியவர்களோடு பழகுவது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். ஒரு வாரத்துக்கு வந்துபோகிற ஆசிரியருக்கு, பணம் கட்டி வந்த மாணவர்களைக் கவனிக்கவே நேரம் போதாது. சாயங்காலம் அவர் களைத்துப் போயிருப்பார், நீங்களும்தான். இப்படிப்பட்ட பயிற்சிப் பட்டறையில் தொடங்கிய அறிமுகம் நெடுநாள் உறவானதும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஜான் செக்ஸ்டன் 1970களில், இயற்கைக் காட்சிகளுக்குப் பேர்போன ஆன்சல் ஆடம்ஸின் பட்டறைக்கு மாணவராகப் போனார், 1979இல் அவருக்கே உதவியாளராகச் சேர்ந்தார். நடுவில் எத்தனை வருடம் இருக்கிறது பாருங்கள். அதை ஒரே கோடைக்குள் எதிர்பார்த்துப் போனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் மனசு வாடித் திரும்புவீர்கள்.

அந்த வேலையில் உங்களுக்கு மட்டும் கிடைக்கப்போகிற ஒன்று இருக்கிறது, அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். காலையில் படம் எடுக்கும் இடத்திலும் இருப்பீர்கள், பிற்பகலில் அதே படங்களைத் திரையில் போட்டு அலசும் அறையிலும் இருப்பீர்கள். மாணவருக்கு அவருடைய வியூஃபைண்டருக்குள் தெரிந்தது மட்டும்தான் தெரியும். ஆசிரியர் எல்லோரிடமும் மாறி மாறி ஓடிக்கொண்டிருப்பார். வெளிச்சத்தைத் திருப்பிவிடுகிற ரிஃப்ளெக்டரைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிற ஆள்தான் அந்த இடத்தை முழுசாகப் பார்க்கிறவர்.

ஒரு காலை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலோரம் ஒரு தச்சர் பலகையை இழைத்துக்கொண்டிருக்கிறார், பன்னிரண்டு பேர் படம் எடுக்கிறார்கள். வெளிச்சம் ஒன்று, ஆளும் ஒருவர்தான். ஒருவர் முகத்துக்கு எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள் விடுகிற வெளிச்சத்தின் அளவு, வைத்ததில் ஜன்னல் வெறும் வெள்ளையாகிவிடுகிறது. இன்னொருவர் ஜன்னலுக்கு வைக்க, தச்சர் நிழலுருவமாகி, இழைப்புளியிலிருந்து சுருண்டு எழுகிற சீவல் மட்டும் பின்னாலிருந்து வெளிச்சம் பட்டு மின்னுகிறது. மூன்றாமவர் நல்ல கணத்தைத்தான் பிடித்திருக்கிறார், ஆனால் நின்ற பக்கம் தப்பு, வேலை செய்கிற கையை உடம்பே மறைத்துவிட்டது. ஒருவர் மட்டும் முழங்காலை லேசாக மடக்கிக் கேமராவை அரை அடி இறக்கியிருக்கிறார், அதனால் தச்சரின் தலை பின்னால் இருக்கிற அலமாரியோடு ஒட்டாமல் வெறும் சுவர் மேல் தனியாகத் தெரிகிறது. பிற்பகலில் இந்தப் படம் திரையில் வந்ததும் ஆசிரியர் அதிலேயே நின்றுவிடுகிறார். "நல்லா இருக்கே, எப்படி?" என்று மற்றவர்கள் யோசிப்பார்கள். உங்களுக்கு எப்படி என்று தெரியும், ஏனென்றால் அவர் முழங்காலை மடக்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் நீங்கள். பத்து வாரம் இப்படித் தினமும் பார்த்தால் எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்பதெல்லாம் உடம்பிலேயே ஏறிவிடும். புத்தகத்தில் இது கிடைக்காது, தனியாகச் சுற்றிப் படம் எடுத்தாலும் கிடைக்காது, நாலு கல்யாணம் எடுத்தாலும் கிடைக்காது, ஏனென்றால் அங்கெல்லாம் நீங்கள் எடுத்ததை மட்டும்தான் நீங்கள் பார்ப்பீர்கள்.

தேர்வு என்பது எவ்வளவு பெரிய வேலை என்பதும் அந்த அறையில்தான் புரியும். பொம்மைக் கையெறிகுண்டைப் பிடித்துக்கொண்டு விறைத்து நிற்கிற சிறுவனை அமெரிக்கப் புகைப்படக்காரர் டயான் ஆர்பஸ் 1962இல் எடுத்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் காண்டாக்ட் ஷீட்டை, அதாவது ஒரு ரோலில் எடுத்த எல்லாப் படங்களையும் சின்னதாக அச்சிட்ட தாளை, தேடிப் பாருங்கள். மற்ற ஃபிரேம்களில் அதே பையன் பூங்காவில் சாதாரணமாக நின்று போஸ் கொடுக்கிற குழந்தை. ஆர்பஸ் தேர்ந்தெடுத்த ஒரு ஃபிரேமில்தான் அந்த முகம் இருக்கிறது. ராபர்ட் ஃபிராங்க் 1950களின் நடுவில் அமெரிக்காவைச் சுற்றி எடுத்தது 27,000 ஃபிரேமுக்கு மேல், 'தி அமெரிக்கன்ஸ்' என்ற தன் புத்தகத்தில் வைத்தது 83. மாணவர் முந்நூறு படத்தோடு வந்து நிற்பார், ஆசிரியர் பத்தாகக் குறைக்கச் சொல்வார். எந்தப் பத்தை விடவே முடியாமல் தவிக்கிறார், அதில் எதை ஆசிரியர் ஒரு நொடியில் தள்ளுகிறார், ஏன் தள்ளுகிறார் என்று கவனியுங்கள். பெரும்பாலும் கஷ்டப்பட்டு எடுத்த படத்தைத்தான் விட மனசு வராது. மலை ஏறி எடுத்தேன், மழையில் நனைந்து எடுத்தேன் என்பார்கள், படத்தில் அந்த மலையேற்றம் தெரியவே தெரியாது.

ஆகவே வேலையை ஒப்புக்கொள்ளும் முன் மையத்துக்கு ஒரு கேள்வி எழுதுங்கள்: "பட விமர்சன நேரத்தில் நான் அறைக்குள் இருக்க முடியுமா?" இதை வெட்கப்படாமல் கேளுங்கள். பல இடங்களில் அந்த நேரத்தில்தான் உதவியாளரை பேட்டரி சார்ஜ் போடவும், லைட்டை மடித்து வைக்கவும், நாளைக்கு வண்டி ஏற்பாடு செய்யவும் அனுப்புவார்கள். தினமும் முடியாவிட்டாலும் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் கிடைத்தால் போதும். "அதெல்லாம் முடியாது, அது மாணவர்களுக்கு மட்டும்" என்று பதில் வந்தால், கல்யாண வேலைக்கே போங்கள் என்று நானும் சொல்வேன்.

கூடவே கேட்க வேண்டியவை சில. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேர வேலை, வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு உண்டா, கருவி உடைந்தால் யார் பொறுப்பு, யாராவது தப்பாக நடந்துகொண்டால் யாரிடம் சொல்வது. கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள். நேராகப் பதில் சொல்கிற இடம்தான் நம்பிப் போகக்கூடிய இடம். வீட்டில் உங்கள் வருமானம் இல்லாமல் முடியாது என்ற நிலை இருந்தால் இந்தப் பேச்சே வேறு. அப்போது பணம் வருகிற வேலைக்குப் போங்கள். பட்டறை அடுத்த வருடமும் நடக்கும்.

சரி, போய்ச் சேர்ந்த பிறகு என்ன?

லைட் தூக்குவதைக் கேவலமாக நினைக்காதீர்கள். ஸ்டாண்டின் ஒரு காலை சாஃப்ட்பாக்ஸின் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி) கனம் இருக்கிற பக்கம் திருப்பி, மணல் பையை அந்தக் கால் மேல் போடப் பழகுங்கள். காற்றடிக்கும்போது அது ஒரு மாணவரின் மண்டையைக் காப்பாற்றும். ஃபிளாஷை ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குத் தள்ளினால் வெளிச்சம் பாதியாவதில்லை, காலாகக் குறைகிறது, அதாவது இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் இறங்கினால் வெளிச்சம் பாதியாகும்). இதைப் பாடமாகப் படித்தவர்கள் நிறைய இருக்கிறார்கள், கையால் தள்ளித் தள்ளி முகத்தில் நிழல் மாறுவதைப் பார்த்தவர்கள் கொஞ்சம்தான். இரண்டு வாரத்தில் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் இல்லாமலே கிட்டத்தட்டச் சொல்லிவிடுவீர்கள்.

மாணவரின் மெமரி கார்டு உங்கள் கைக்கு வந்தால் ரொம்பக் கவனம். அதை ஃபார்மட் செய்யாதீர்கள், அவரே செய்யச் சொன்னாலும் அவர் கையாலேயே செய்யட்டும். இரண்டு தனித்தனி டிஸ்க்கில் காப்பி எடுத்து, கார்டில் எத்தனை ஃபைல், டிஸ்க்கில் எத்தனை ஃபைல் என்று எண்ணிக்கையைச் சரிபார்த்து, ஒன்றிரண்டைத் திறந்தும் பார்த்துவிட்டுத்தான் கார்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். திரையில் போடுவதற்குப் படங்களை வாங்கும்போது பெரும்பாலான திரைகளுக்குப் பொருந்துகிற எஸ்ஆர்ஜிபி (sRGB) நிறவெளியில் ஜேபெக்காக (JPEG) வாங்குங்கள். அடோபி ஆர்ஜிபி (Adobe RGB) என்ற இன்னொரு நிறவெளியில் இருக்கிற படம் நிற மேலாண்மை இல்லாத மென்பொருளில் வெளிறித் தெரியும். அந்தப் பாவப்பட்ட மாணவர் தன் படமே மோசம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வகுப்புக்கு முன்னாலேயே அறையை இருட்டாக்கி, புரொஜெக்டரில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாகப் போகிற ஒரு சோதனைப் படத்தைப் போட்டு, இருண்ட படிகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். இதை யாரும் பாராட்ட மாட்டார்கள், ஆனால் பன்னிரண்டு பேரின் ஒரு வார உழைப்பு அந்த வெள்ளைத் துணியில்தான் தெரியப்போகிறது.

படப்பிடிப்பின் நடுவில் ஒருவர் பதறி ஓடி வருவார்: "கேமரா கெட்டுப்போச்சு!" பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. படத்தை வெளிச்சமாகவோ இருட்டாகவோ ஆக்குகிற எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் நேற்றிலிருந்து பிளஸ் இரண்டில் நிற்கும், ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) ராத்திரி வைத்த 6400இலேயே இருக்கும், லென்ஸின் ஃபோகஸ் சுவிட்ச் மேனுவலுக்குத் தள்ளப்பட்டிருக்கும், கார்டின் பூட்டு கீழே இறங்கியிருக்கும். ஃபிளாஷ் போட்ட படத்தில் பாதி கறுப்பாக வருகிறது என்றால் ஷட்டரை சிங்க் வேகத்துக்கு, அதாவது ஃபிளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச வேகத்துக்கு, மேல் வைத்திருப்பார், அந்தக் கேமராவின் சிங்க் வேகத்துக்கு இறக்கச் சொல்லுங்கள். முக்கியமான விஷயம், கேமராவை அவர் கையிலிருந்து வாங்காதீர்கள். நீங்களே வாங்கிப் பத்து நொடியில் சரிசெய்தால் நாளைக்கும் அதே சிக்கலோடு வருவார், அதோடு நாலு பேர் முன்னால் தான் ஒன்றும் தெரியாதவர் என்ற எண்ணமும் அவருக்குள் தங்கிவிடும். பக்கத்தில் நின்று "அந்தப் பட்டனை அழுத்துங்க, இப்ப மேலே என்ன காட்டுது?" என்று கேட்டுக்கொண்டே அவரையே செய்ய வையுங்கள். உங்களைவிட இரண்டு மடங்கு வயதானவர்கள், தங்கள் துறையில் பெரிய பெரிய பொறுப்பில் இருக்கிறவர்கள் அங்கே மாணவர்களாக வருவார்கள். தெரியாத ஒன்றைக் கற்றுக்கொள்ளத் துணிந்து வந்திருக்கிறார்கள், அந்தத் துணிச்சலுக்கு மரியாதை கொடுங்கள்.

படத்தைப் பற்றிய உங்கள் தீர்ப்பையும் வாய்க்குள் வைத்துக்கொள்ளுங்கள். "உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" என்று மாணவர்கள் வராந்தாவில் பிடித்துக் கேட்பார்கள். ஆசிரியர் பார்ப்பதற்கு முன்னால் நீங்கள் ஒன்றைச் சொன்னால் கேட்டவர் அதையே பிடித்துக்கொள்வார், ஆசிரியருக்கும் அது இடைஞ்சல். கேமரா எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கள்.

இன்னொரு குழப்பம் கட்டாயம் வரும். மூன்றாவது வார ஆசிரியர் "எடுத்த பிறகு படத்தின் ஓரத்தை வெட்டவே கூடாது, ஃபிரேமை எடுக்கும்போதே முடிக்க வேண்டும்" என்பார். நாலாவது வாரத்தவர் படத்துக்குப் படம் வெட்டுவார், இரண்டு பேரின் படங்களும் பிரமாதமாக இருக்கும். வாரத்துக்கு வாரம் பாணியை மாற்றிக்கொண்டே போனால் பத்தாவது வாரத்தில் நீங்கள் யார் என்று உங்களுக்கே தெரியாது. ஒரு நோட்டில் யார் என்ன சொன்னார், எந்தப் படத்தைப் பார்த்துச் சொன்னார் என்று மட்டும் தினமும் எழுதுங்கள். படத்தைக் குறிக்காமல் அறிவுரையை மட்டும் எழுதினால் பிறகு அது வெறும் வாசகமாகத்தான் நிற்கும். எந்தக் கட்சியிலும் இப்போதே சேர வேண்டாம்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். வேலை நேரத்தில் உங்கள் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். வகுப்புக்காக வந்த மாடல் உங்களுக்காக நிற்கவில்லை, அவர் கொடுத்த சம்மதத்தில் நீங்கள் இல்லை. மையத்துக்காக நிகழ்ச்சிப் படம் எடுக்கச் சொன்னால், அதன் உரிமை யாருக்கு, நீங்கள் உங்கள் தொகுப்பில் வைத்துக்கொள்ளலாமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கென்று மிஞ்சுவது வகுப்புக்கு முன்னால் விடிகாலையும் வாரத்தில் ஓய்வு நாளும்தான். ஊர் சுற்றாதீர்கள், தங்குமிடத்திலிருந்து நடந்து போகும் தூரத்துக்குள் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, ஒரு தெருமுனையோ ஒரு தோட்டமோ ஒரு மனிதரோ, அதையே பத்து வாரமும் திரும்பத் திரும்ப எடுங்கள். நான் சொன்னேனே, உடம்பில் ஏறும் என்று, அது ஏறுகிறதா இல்லையா என்பது இந்தப் படங்களில்தான் தெரியும்.

ஆனால் அவற்றை அந்தக் கோடையிலேயே தேர்வு செய்ய உட்காராதீர்கள். அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட் எடுத்த ஃபிலிமை வேண்டுமென்றே ஒரு வருடம் போலக் கழுவாமல் வைத்திருப்பார், எடுத்த நாளின் உற்சாகம் படத்தைப் பார்க்கிற கண்ணைக் கெடுக்கக்கூடாது என்று. அவ்வளவு நாள் உங்களுக்கு வேண்டாம். கோடை முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து, அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். அதில் இருபது படத்தை எனக்கு அனுப்பினால் நிச்சயம் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.

லென்ஸ் கேட்டீர்கள். உங்களிடம் இருக்கிற 35 மி.மீ. அல்லது 50 மி.மீ., ஏதாவது ஒன்று போதும், புதுசாக எதுவும் வாங்க வேண்டாம். மீதிப் பையில் ஒரு டார்ச், கையால் கிழிக்கிற காஃபர் டேப் (பசை ஒட்டாமல் உரிந்து வருகிற துணி டேப்) ஒரு ரோல், கார்டு ரீடர் இரண்டு, நாள் முழுக்க நின்றாலும் கால் வலிக்காத செருப்போ ஷூவோ. டேப்பைப் பெரிய ரோலாகவே வாங்கிக்கொள்ளுங்கள், எல்லோரும் உங்களிடம்தான் கேட்பார்கள்.