புது பிசிதான், ஆனா விண்டோஸ் 11 பிரிவியூ ஏறல!

கேள்வி: விண்டோஸ் 11 இன்சைடர் பிரிவியூவ (வெளியிடறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாக்குற பதிப்பு) விர்ச்சுவல்பாக்ஸ்ல (கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓட்டுற சாஃப்ட்வேர்) போட்டா, இந்த பிசில ஓடாதுன்னு சொல்லி நின்னுடுது. என் கம்ப்யூட்டர் புதுசுதாங்க, ஏன் இப்படி?

பதில்: இன்ஸ்டாலர் பாக்குறது உங்க கம்ப்யூட்டர இல்லங்க, நீங்க உருவாக்குன விர்ச்சுவல் மெஷினத்தான், அதுக்கு 4 ஜிபி ராம், 2 கோர், 64 ஜிபி டிஸ்க், டிபிஎம் 2.0 (பாதுகாப்பு சிப்), செக்யூர் பூட் (நம்பகமான சாஃப்ட்வேர மட்டும் பூட் ஆக விடுற வசதி) எல்லாம் வேணும். பெரும்பாலும் டிபிஎம்லதான் மாட்டும். விர்ச்சுவல்பாக்ஸ் 7.0-க்கு முன்னாடி அந்த வசதியே கிடையாது, அதனால மொதல்ல அப்டேட் பண்ணிட்டு, மெஷின ஆஃப் பண்ணி, செட்டிங்ஸ்ல சிஸ்டம் பக்கம் போய் ஈஎஃப்ஐ-ய (புது பூட் முறை) டிக் பண்ணி டிபிஎம் 2.0 செலக்ட் பண்ணுங்க. 4 ஜிபிங்கறது சும்மா பேருக்கு, முடிஞ்சா 8 குடுங்க. இன்ஸ்டால் ஆனதும் ஸ்னாப்ஷாட் (மெஷினோட அப்போதைய நிலைய சேமிச்சு வைக்கிறது) எடுத்துருங்க, அடுத்த பில்ட் (புது பிரிவியூ பதிப்பு) சொதப்புனா திரும்பிடலாம். பிரிவியூ பில்ட் காலாவதியும் ஆகும், முக்கியமான ஃபைல அதுக்குள்ள வைக்காதீங்க.